சீகிரியாப் பூங்காவில் ஒரு பகல்

களுபோவிலவில் எங்கள் ஒழுங்கையின் கோடி வீட்டுப் பெண் உருசிய நாட்டிலே, சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தில் வைத்தியம் படிக்கிறாள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் லெனின்கிராட் என்று மனனஞ் செய்தோமே, அதே நகரந்தான். சென்ற ஆனி மாதம் அவள் தன் தாயாருக்கு அனுப்பிய படங்கள் கைத்தொலைபேசி வழியாக எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. எலுமிச்சை வாசம் வீசும் மரங்கள் அல்ல, நாம் பெயரறியாத நெடுமரங்கள். அவற்றினிடையே நேர்கோடு பிடித்தாற்போன்ற நடைபாதைகள். இருமருங்கும் வெண்பளிங்குச் சிலைகள். நடுவிலே பொங்கி விழும் நீரூற்றுகள். அதற்குக் கோடைப் பூங்கா என்று பெயராம்.

மகா பீற்றர் என்னும் பேரரசன் நகரத்தை நிறுவிய மறு ஆண்டே, 1704இல், தனக்கென அமைக்கத் தொடங்கிய பூங்கா அது. 1777ஆம் ஆண்டு நேவா நதி பெருக்கெடுத்து வந்து நீரூற்றுகளை அழித்தது. பின்வந்தோர் அவற்றை மீளக் கட்டினாரில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 2009 முதல் 2012 வரை பூங்காவைப் பூட்டி வைத்து வேலை செய்து, எட்டு நீரூற்றுகளைப் புதிதாக எழுப்பினார்கள். மூலச் சிலைகளை மழையும் பனியும் அரிக்காதபடி அருகிலுள்ள மிகைலோவ்ஸ்கி கோட்டைக்குள் எடுத்துச் சென்றுவிட்டு, பிரதிகளை வெளியிலே நிறுத்தினார்கள். நகரத்தவரிற் சிலர் மகிழ்ந்தனர். வேறு சிலரோ, நாங்கள் அறிந்த பழைய பூங்கா இதுவன்று என்று குறைப்பட்டனர்.

இவற்றையெல்லாம் என் மூத்த மகன் படித்துச் சொல்ல, சாய்மனைக் கதிரையிலிருந்த மாமா கண்ணாடியை உயர்த்திப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கணவரின் தந்தையார் அவர், எழுபத்தெட்டு வயது. “வடிவாத்தான் இருக்குது” என்றார். பிறகு, “தண்ணி எங்கேயிருந்து வருகுது எண்டு அந்தப் பிள்ளை எழுதயில்லையோ?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி மாமாவுக்கே உரியது. அவர் இளமையிலே கலாவாவிப் பகுதியில் நீர்ப்பாசன வேலைகளில் தொழினுட்ப உதவியாளராக இருந்தவர். கெக்கிராவவில் குடியிருந்தார். 1977 ஆவணியில் நாட்டில் மூண்ட இனக்கலவரத்தின்போது, மாமியையும் கைக்குழந்தையாயிருந்த என் கணவரையும் அழைத்துக்கொண்டு, உடுத்த உடையோடு அங்கிருந்து புறப்பட்டவர். இரண்டு இரவு அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்று தன் நெல்லறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அதற்குப் பின் அவர் அந்தத் திசைக்கே போனதில்லை. நாங்கள் திருகோணமலைக்குக் கோணேசரைத் தரிசிக்கப் போகும்போதெல்லாம் தம்புள்ளைப் பாதையாற் செல்வோம். மாமா ஏதாவது சாட்டுச் சொல்லி வீட்டில் நின்றுவிடுவார். நாங்களும் வற்புறுத்துவதில்லை.

ஆகவே, அன்றிரவு சாப்பாட்டின்போது அவரே வாய் திறந்து, “மாரி காலத்திலே சீகிரியாவில் பழைய நீரூற்று இப்பவும் வேலை செய்யுமாம். ஒருக்காப் பார்க்க வேணும்” என்றபோது, என் கணவர் கையிலெடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டுத் தந்தையின் முகத்தைப் பார்த்தார்.

அரசன் ஒருவன் அமைத்து, அழிந்து, பின் மீட்கப்பட்ட அரண்மனைப் பூங்கா நம் நாட்டிலேயே இருக்கிறது. சீகிரியா என்றதும் குன்றையும் ஓவியங்களையுமே நினைக்கிறோம். குன்றின் காலடியிலே கிடக்கும் பூங்காவைப் பெரும்பாலோர் ஏறப்போகும் அவசரத்தில் கடந்து போய்விடுகிறார்கள். நானும் மாணவியாயிருந்த காலத்தில் அப்படித்தான் கடந்துபோனேன். அன்று நான் கண்டதெல்லாம் முன்னே சென்றவளின் பின்னல்தான்!

மார்கழி விடுமுறை வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வாடகை வானிற் புறப்பட்டோம். இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டோம். கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, பிறகு இனாமலுவைச் சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வழி முழுவதும் மழை. மாமா முன் ஆசனத்தில் இருந்தார். குருநாகலைக் கடந்தபின் பேச்சுக் குறைந்தது. வயல்களையும் அவற்றின் மேற்பக்கத்துக் குளக்கட்டுகளையுமே பார்த்துக்கொண்டு வந்தார். இனாமலுவையை அணுகும்போது மழை விட்டது. காட்டின் மேலே சுமார் இருநூறு மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்தச் செம்பழுப்புக் குன்று திடீரெனத் தோன்றியதும், பின்னாலிருந்த சின்னவள் கூச்சலிட்டாள். மாமா குன்றைப் பார்த்தாரில்லை. தெருவோரத்து வாய்க்காலில் கலங்கிய நீர் நுரைத்தோடுவதைக் கண்டு, “நல்ல காலம், நேற்று இரவும் பெய்திருக்குது” என்றார்.

இங்கே கதையைச் சற்றுச் சொல்லாமல் மேலே போக இயலாது. பாண்டியர் அறுவர் அனுராதபுரத்திலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்டபின், அவர்தம் ஆட்சியை முடித்து அரசேறியவன் தாதுசேனன். கலாவாவியைக் கட்டியவன் அவனே. அவன் மக்கள் இருவர். மூத்தவன் காசியப்பன், பட்டத்துக்குரியவளல்லாத தாய் பெற்றவன்; இளையவன் மொக்கல்லானன், பட்டத்தரசியின் புதல்வன். காசியப்பன் சேனாதிபதியோடு கூடித் தந்தையைச் சிறையிட்டான். மறைத்து வைத்த செல்வத்தைக் காட்டு என்று நெருக்கியபோது, தாதுசேனன் தன்னைக் கலாவாவிக்கு அழைத்துச் செல்லும்படி கேட்டு, அங்கே நீரிலிறங்கி முழுகி, இரு கையாலும் நீரை அள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுவே என்றானாம். சூளவம்சம் கூறும் செய்தி இது. பின்பு அவனைச் சுவரோடு வைத்துக் கட்டிக் கொன்றார்கள். இளையவன் இந்தியாவுக்கு ஓடினான். தந்தையைக் கொன்றவன் அனுராதபுரத்தில் இருக்க மனமின்றி இக்குன்றிலே ஏறி அரண்மனை கட்டினான். அளகாபுரியில் குபேரன் வாழ்ந்தாற்போல வாழ்ந்தான் என்று அந்நூலே உவமை சொல்லும். அவன் ஆண்ட காலம் கி.பி. 477 முதல் 495 வரை. பதினெட்டாம் ஆண்டிலே தம்பி படையோடு திரும்பி வந்தான். போர்க்களத்தில் காசியப்பனின் யானை சேற்று நிலத்தைக் கண்டு ஒதுங்கித் திரும்ப, அரசன் புறமுதுகிட்டான் என்று நினைத்துப் படை சிதறியது. அவன் தன் கழுத்தைத் தானே அரிந்துகொண்டான்.

பீற்றர் மன்னனின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. அவனுடைய மகன் அலெக்சி, தந்தையின் ஆணையால் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1718இல் கோட்டைச் சிறையிலேயே மாண்டான். அங்கே தந்தையால் மகன். இங்கே மகனால் தந்தை. அழகிய பூங்காக்களை உண்டாக்கிய கைகளைப் பற்றி அதிகம் விசாரிக்கக் கூடாது போலும்.

இந்தக் கதையை நான் சொல்லக் கேட்ட மூத்த மகன், “அப்போ அப்பப்பா, பாண்டியர், தாதுசேனன், காசியப்பன், மொக்கல்லானன், இதிலே நாங்கள் ஆர் பக்கம்?” என்று கேட்டான். மாமா அவனைத் திரும்பிப் பார்த்து, “முதல் நீ இடியப்பத்தைச் சாப்பிடு” என்றார்.

மேற்கு வாயிலால் உள்ளே போகிறோம். அகழியைக் கடந்ததும் ஒரே நேர்கோடாகப் பாதை குன்றை நோக்கி ஓடுகிறது. பூங்கா முழுவதும் இந்தக் கோட்டை நடுநரம்பாகக் கொண்டு அமைந்தது. இடப்பக்கத்தில் என்ன உண்டோ அதுவே வலப்பக்கத்திலும் உண்டு. முதலில் வருவது சிற்றளவான நீர்ப் பூங்கா. செங்கல்லாற் கட்டிய சிறு மண்டபங்களின் அடித்தளங்கள். அவற்றைச் சுற்றி ஆழமில்லாத நீர்த்தடங்கள். அடியிலே கூழாங்கல் பதித்த தரை. நீர் மெல்ல ஊர்ந்து போகும்போது கல்லோடு உரசி ஓசை எழுப்பவும் காற்றைக் குளிர்விக்கவும் இப்படிச் செய்தார்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். வெப்ப நாட்டரசன் ஒருவன் தன் காதுக்கும் தோலுக்கும் இவ்வளவு நுட்பமாக உபசாரம் செய்துகொண்டான் என்பது வியப்புத்தான்.

இதன் மறுபாதியைக் காணோமே என்று சின்னவள் தேடினாள். பாதையின் ஒரு பக்கத்திலே தளங்களும் தடங்களும். மறுபக்கத்திலோ புல்லும் மரமும் மட்டும். அங்கேயும் இதே அமைப்பு மண்ணுக்குள் உறங்குகிறது. தெரிந்துகொண்டே அதனைத் தோண்டாமல் விட்டிருக்கிறார்கள். பிற்காலத்தார் எங்களிலும் சிறந்த கருவிகளோடும் அறிவோடும் வருவார்கள். அவர்கள் படிக்க ஒரு பாதி முழுமையாக இருக்கட்டும் என்பது கருத்து. வாசகர்கள் சிலருக்கு இது சோம்பல் என்று தோன்றலாம். எனக்கோ, அன்று கண்டவற்றுள் இந்த வெறும் புல்தரையே அதிகம் பிடித்தது.

அடுத்ததே பெரிய நீர்ப் பூங்கா. சதுரமான ஒரு நிலம்; நடுவே தீவு; அதைச் சூழ மூலைக்கொன்றாக மடங்கிய நான்கு தடாகங்கள்; நாற்றிசையிலிருந்தும் தீவுக்கு நடைவழிகள். தோட்டத்தை நாலாகப் பகுத்து நீரால் எல்லை வகுக்கும் இம்முறையைத் தாஜ்மகாலிற் பார்த்திருப்பீர்கள். ஆனால் தாஜ்மகாலைக் கட்டத் தொடங்கியதற்கு ஏறக்குறைய 1150 ஆண்டுகளுக்கு முற்பட்டது இது. இத்தகைய பூங்காக்களுள் இன்று உலகில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையனவற்றைச் சேர்ந்தது. தடாகங்கள் நிறைந்திருந்தன. குன்றின் நிழல் ஒன்றிலே தலைகீழாக நின்றது. மரத்தினின்றும் ஒரு குரங்கு இறங்கி வந்து, எவ்வித மரியாதையுமின்றி, எங்கள் வாழைப்பழச் சீப்பில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

அங்கிருந்து சில படிகள் ஏறினால் நீரூற்றுப் பூங்கா. நீண்டு ஒடுங்கிய நிலம். பாதையின் இருபுறமும் பாம்பு போல் வளைந்து செல்லும் ஆழமற்ற ஓடைகள். அவை சென்று சேரும் நீண்ட குளங்கள். ஓடைகளின் பக்கத்திலே, தாமரைப் பொகுட்டுப் போல வட்டமான சுண்ணாம்புக் கற்கள் தரையோடு தரையாகப் பதிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒழுங்காகத் துளைத்த சிறு துவாரங்கள். சிலர் அவற்றின் மேல் கால் வைக்கப் போய், காவலாளி சீழ்க்கை ஊதியதும் பின்வாங்கினார்கள்.

மாமா கைத்தடியை ஊன்றிக் குனிந்து பார்த்தார். முதலிற் கண்ட கல் சும்மா கிடந்தது. இரண்டாவதில், துவாரங்களின் வழியே நீர் முத்து முத்தாக எழுந்து, தளும்பி, கல்லைச் சுற்றி வழிந்துகொண்டிருந்தது. உயரம் கேட்காதீர்கள், நாலு விரலுக்கு மேல் இராது. பீற்றர்ஸ்பேர்க்கின் படங்களில் ஆள் உயரத்துக்கு மேலே பீறிடுவதைக் கண்ட பிள்ளைகளுக்கு முகம் சற்று வாடிவிட்டது. “இவ்வளவுதானோ?” என்றாள் சின்னவள்.

“இவ்வளவுதான் எண்டு சொல்லாதை பிள்ளை” என்று மாமா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அடுத்த அரைமணி நேரம் அவர் ஓர் ஆசிரியராகிவிட்டார். அவர் விளக்கியதன் சாரத்தை என் நடையில் எழுதுகிறேன்.

குன்றின் தெற்கே பெரியதொரு வாவி உண்டு. முற்காலத்தில் அதன் அணை குன்றின் அடிவாரத்திலிருந்து மாபாகலைக் குன்றையும் தழுவிச் சுமார் 8 கிலோமீற்றர் நீண்டது என்று அளந்திருக்கிறார்கள். வாவியும் அகழிகளும் பூங்காத் தடாகங்களும் தரைக்குக் கீழே மறைவான வாய்க்கால்களால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. நீர் மேலிருந்து கீழே வரும் வழியில், நீரூற்றுக் கற்களின் அடியிலே சுண்ணாம்புக் கல்லாலான சிறு தொட்டிகள் உண்டு. அவற்றில் நீர் தேங்கி நெருக்குண்ணும். மேல்மட்டத்தில் எவ்வளவு உயரத்தில் நீர் நிற்கிறதோ, அதற்குத் தக்கபடி துவாரத்தின் வழியே உந்தி எழும். இயந்திரம் இல்லை, எருதும் இல்லை, ஆளும் இல்லை. நிலத்தின் சரிவை அளந்தவன் கண்ணும், கல்லைத் துளைத்தவன் கையுமே வேலை செய்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும், தோண்டித் துப்புரவாக்கிய பின்னர் மழைக்காலத்தில் அவை மறுபடி இயங்கலாயின. வாவியில் அன்றைய அளவு நீர் இன்றில்லை. அதனாலேயே ஊற்றும் நாலு விரலோடு நிற்கிறது.

“எங்கடை ஊரிலே ஒரு பட்டைத் தண்ணி மேலே வாறதுக்கு என்ரை ஐயா துலா மிதிக்க வேணும்” என்றார் மாமா. “இவங்கள் தண்ணியைக் கேட்காமலே மேலே வரச் செய்திருக்கிறாங்கள்.”

உருசியாவிலும் இதற்கு ஒப்பான ஓர் இடம் உண்டு. அது கோடைப் பூங்காவன்று. நகரத்துக்கு வெளியே கடற்கரையிலுள்ள பீற்றர்ஹொவ் அரண்மனை. அங்கும் நீரிறைக்கும் இயந்திரம் இல்லை. சுமார் இருபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மேட்டு நிலத்து ஊற்றுகளிலிருந்து கால்வாய் வெட்டி, சரிவின் வலிமையாலேயே நூற்றுக்கு மேற்பட்ட ஊற்றுகளைப் பொங்கச் செய்தனர். 1941 முதல் 1944 வரை ஜெர்மன் படையினர் கைப்பற்றியிருந்த காலத்தில் அவ்வரண்மனை எரிந்து பாழாயிற்று. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் என்னும் பொற்சிலையும் காணாமற் போயிற்று. போர் முடிந்ததும் மக்கள் வேலை தொடங்கினார்கள். 1947இல் புதிய சாம்சன் நிறுத்தப்பட்டான். ஒரு தலைமுறை கண்ணாற் கண்டு பழகியதை அதே தலைமுறை திருப்பிக் கட்டிற்று. அதில் குறை சொல்வதற்கில்லை. காசியப்பனின் மண்டபங்களையோ, கண்டவர் எவரும் எழுதி வைத்தாரில்லை. கூரை எப்படியிருந்தது, தூணில் என்ன வண்ணம் பூசினார்கள் என்பதை எல்லாம் நாம் கற்பனைதான் செய்யவேண்டும். கற்பனைக்குச் செங்கல் வைத்துக் கட்டக் கூடாதல்லவா?

என் மூத்த மகன் இதை ஒப்பவில்லை. ஒரு மண்டபத்தையாவது முழுமையாகக் கட்டிக் காட்டினால் என்ன, வருகிறவர்களுக்கு விளங்குமே என்றான். அதற்கு அரும்பொருட்சாலை இருக்கிறது, 2009இல் யப்பானிய உதவியோடு திறந்தார்கள், அங்கே போய்ப் பார் என்றேன். ஆயினும் அவன் கேள்வி முற்றாகத் தவறென்று சொல்லமாட்டேன். கண்முன்னே கிடக்கும் செங்கல் வரிசையை மாளிகையாக எழுப்பிப் பார்க்க எல்லோருக்கும் பொறுமை இராது.

நீரூற்றுகளின் இருபுறமும் அகழி சூழ்ந்த மேடைகள் உள்ளன. பாறையின் மேல் மாளிகை எழுப்பி, வெயிற்காலத்தில் அரசன் தங்கினான் போலும். ஆராய்ச்சியாளர் அவற்றைக் கோடை மாளிகைகள் என்றே அழைக்கின்றனர். அங்கும் கோடை, இங்கும் கோடை! அவனுக்கு வெயில் வேண்டியிருந்தது. இவனுக்கு நிழல் வேண்டியிருந்தது. இதற்கு மேலேயுள்ள படியில் மூன்றாவது பூங்காவும் ஒரு மூலையில் எண்கோணத் தடாகமும் உண்டு. அதன் பக்கத்திலே பெரும் பாறையொன்று சரிந்து நிற்கிறது. அளவுகோலால் வரைந்தாற் போன்ற அமைப்பு அங்கே முடிகிறது. அப்பால் கற்பாறைப் பூங்கா. வளைந்து நெளியும் ஒற்றையடிப் பாதைகள். இயற்கை வைத்த இடத்திலேயே பாறைகள். மனிதன் வரைந்த கோடும் மலை வைத்த கல்லும் ஒன்றையொன்று கெடுக்காமல் சந்திக்கும் அந்த இடத்திலே மாமா ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

கணவரும் பிள்ளைகளும் மேலே ஏறினார்கள். நான் மாமாவோடு நின்றுகொண்டேன்.

இந்தப் பூங்கா எப்படி வெளிவந்தது என்பதும் சொல்லத்தக்கதே. காசியப்பனுக்குப் பின் மொக்கல்லானன் குன்றைப் பிக்குகளிடம் ஒப்படைத்தான். சில நூற்றாண்டுகள் மடமாயிருந்து, பின் காடாயிற்று. 1831இல் ஜொனதன் போர்ப்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி குதிரையில் வந்து கண்டார். 1890களில் எச். சி. பி. பெல் முறையாக அகழத் தொடங்கினார். குன்றின் வாயிலிலுள்ள சிங்கத்தின் பாதங்களை வெளிப்படுத்தியவர் அவரே. பின்னர் பரணவிதான அவர்கள் கண்ணாடிச் சுவரிலே பண்டைய பிரயாணிகள் கீறி வைத்த சிங்களக் கவிதைகளில் 685ஐப் படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். 1982இல் சீகிரியா உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. கலாசார முக்கோணத் திட்டத்தின் கீழ் பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க அவர்களின் தலைமையில் பூங்காக்களின் அகழ்வு விரிவாக நடைபெற்றது. நாட்டின் வேறு பகுதிகள் எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கே சிலர் தூரிகையால் மண்ணைத் தட்டி, அடைபட்ட வாய்க்காலைத் திறந்துகொண்டிருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க என்னவோ போலிருந்தது.

இதை நான் சொன்னபோது மாமா உடனே பதில் சொல்லவில்லை. காய்ந்த இலையொன்றை எடுத்து ஓடையில் விட்டார். அது அசைவது தெரியாமல் அசைந்து, வளைவுகள்தோறும் தயங்கி, குளத்தை அடையக் கொஞ்ச நேரம் சென்றது.

“இந்தச் சரிவைப் பார், பிள்ளை. இது கலாவாவிக் கை. தகப்பன்ரை ஆக்கள் செய்த வேலை. மகன் தகப்பனைத்தான் கொண்டான், வேலைகாரரை விட்டுவைச்சிருக்கிறான்.”

அவர் ஊகந்தான். ஏட்டில் இல்லை. ஆனால் கலாவாவியிலிருந்து அனுராதபுரம் வரை 87 கிலோமீற்றர் ஓடும் யோத எல என்னும் கால்வாய், முதற் பதினேழு மைலில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிகிறது என்பார்கள். அத்தகைய சரிவை அளக்கத் தெரிந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோயிருக்க மாட்டார்கள் என்று அந்த வேலையைச் செய்தவர் ஒருவர் சொல்லும்போது, மறுக்க எனக்கு என்ன தகுதி உண்டு?

பிறகு அவர் 1977ஐப் பற்றிச் சிறிது சொன்னார். கலவரத்தையன்று. புறப்படுவதற்கு முதல்நாள், கிளைவாய்க்கால் ஒன்றின் மதகுப் பலகையை மாற்றுவதற்காக அளவெடுத்து வைத்திருந்தாராம். அளவுப் புத்தகம் மேசையிலேயே கிடந்துவிட்டதாம். “அதை ஆரும் எடுத்துப் பார்த்தாங்களோ தெரியாது” என்றார். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை.

மதியம் கடந்து மேலே போனவர்கள் வியர்வை வழிய இறங்கி வந்தார்கள். ஓவியப் பெண்களைப் பற்றிப் பிள்ளைகள் மாறி மாறிச் சொன்னார்கள். 1967இல் எவரோ அந்த ஓவியங்களின் மேல் சாயம் பூசிக் கெடுத்ததையும், இத்தாலிய நிபுணர் லூசியானோ மராண்சி வந்து பொறுமையாகத் துடைத்து மீட்டதையும் நான் சொல்ல, சின்னவள் “ஏன் பூசினவங்கள்?” என்று கேட்டாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவளுக்கு மிகப் பெரிய வியப்பு வேறு. உச்சியிலிருந்து பார்த்தபோது, தான் காலையில் நடந்துவந்த தடாகங்களெல்லாம் கணிதக் கொப்பியில் வரைந்த உருவங்கள் போல ஒழுங்காகக் கிடந்தனவாம், நடுவே நேர்கோடு, ஒருபக்கம் நீர் மின்னிற்றாம், எதிர்ப்பக்கம் சில இடங்களில் வெறும் பச்சை. “அந்தப் பச்சைக்குள்ளேயும் குளம் இருக்குது எண்டு எனக்குத் தெரியும்” என்று பெருமையோடு சொன்னாள்.

குமிழியிடும் நீரூற்றுக் கல்லைப் படம் பிடித்துப் பீற்றர்ஸ்பேர்க்குக்கு அனுப்பினோம். சற்று நேரத்தில் பதில் வந்தது. அங்கே எங்கும் பனி. நீரூற்றுகளை மாரிக்காக நிறுத்திவிட்டார்கள். வசந்தம் வந்துதான் திறப்பார்களாம். இயங்குகிற ஊற்றைக் கண்டு நாளாயிற்று என்று எழுதியிருந்தாள்.

செல்ல விரும்புவோர்க்கு ஒன்றிரண்டு சொல்லி வைக்கிறேன். நீரூற்றைக் காணவேண்டுமானால் கார்த்திகை முதல் தை வரை, நல்ல மழை பெய்த மறுநாட் காலையில் போங்கள். காலை வாயில் திறந்தவுடன் நுழைந்துவிடுங்கள். முதியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை. பூங்காக்களின் நிலம் பெரும்பாலும் சமமானது, நிழலுமுண்டு. குன்றிற் குளவிக் கூடுகள் உள்ளன. கூச்சலிடாதிருக்கும்படி பலகை தொங்குகிறது. அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குரங்கைப் பற்றிச் சொன்னேன்.

வான் இனாமலுவைச் சந்திக்கு வந்ததும் சாரதி கொழும்புப் பக்கம் திருப்பினான். தம்புள்ளையை அடையும்போது மாமா மெதுவாக, “கெக்கிராவப் பக்கம் போய்வந்தால் நேரமாகுமோ?” என்று கேட்டார். என் கணவர் ஒன்றும் பேசாமல் சாரதியின் தோளைத் தொட்டார்.

கலாவாவிக் கட்டை அடைந்தபோது மாலை ஐந்தரை மணி. தாதுசேனன் கட்டி, காலத்தில் உடைந்து, ஆங்கிலேயர் காலத்தில், 1880களில் திருத்தப்பட்ட வாவி அது. சிதைந்த மண்டபமாக எவரும் அதைப் பார்க்க வருவதில்லை. கீழேயுள்ள வயல்களுக்கு இன்றும் நீர் போகிறது. மருத மரங்களின் அடியில் சிலர் குளித்துக்கொண்டிருந்தனர். மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேரனின் தோளைப் பிடித்தபடி படியிறங்கி, முழங்கால் நனைய நின்று முகங் கழுவினார். பிறகு நீண்ட நேரம் மதகின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

குளித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சவர்க்காரத்தைக் கல்லில் வைத்துவிட்டு, ஐயா எந்த ஊர் என்று சிங்களத்தில் விசாரித்தார்.

“கெக்கிராவ” என்றார் மாமா.